வீணையைப் பேணும் முறை

கிதார் என்னும் மேனாட்டு நரம்புக்கருவியில் மெட்டுகள் மரத்திலேயே பதிந்திருக்கும். ஆதலின், அதன் கழுத்தில் வியர்வைக்கறை படிந்தால் அழுத்தித் துடைப்பதில் அச்சமில்லை. நம் தஞ்சை வீணையின் இயல்பு வேறு. பலாமரத்தால் ஆகி, 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற அவ்வீணையின் 24 மெட்டுகளும் கருமெழுகின்மேல் நிற்பன. வெயில் பட்டால் மெழுகு இளகும். மெட்டு சற்றே விலகினும் சுரம் பிறழும். எனவே வாசித்து முடித்ததும், உலர்ந்த மெல்லிய துணியால் தந்திகளை மட்டும் துடைத்தல் வேண்டும். மெழுகில் படிந்த தூசியை மென்மையான தூரிகையே அகற்றும். துணி கொண்டு தேய்த்தால் அழுக்கு மெழுகினுள் புதைந்துவிடும். மெட்டு பிறழ்ந்தால் நாமே அனல் காட்டிச் சரிசெய்ய முயலலாகாது. மெட்டுகளைச் சுரத்திற்கேற்ப நிறுத்துவதை 'மேளம் கட்டுதல்' என்பர். அதற்குக் கையினும் செவியே மிகுதியாகப் பழகியிருத்தல் வேண்டும்.