தோட்டாவில் என்ன மிச்சம்?

தீபாவளிக்கு மறுநாள் காலை. தெரு முழுக்கக் காகிதக் குப்பை. வெடிக்காமல் போன பட்டாசுகளைப் பொறுக்கிப் பிரித்து, மருந்தைப் பேப்பரில் கொட்டி, 'புஸ்'ஸென்று கொளுத்திப் புருவத்தைப் பொசுக்கிக்கொண்ட அனுபவம் உங்களில் பல பேருக்கு இருக்கும். அதற்கு அப்பாவிடம் வாங்கிய உதையும் மறந்திருக்காது.

அமெரிக்காவில் கிட்டத்தட்ட இதே வேலையை ஐம்பது, அறுபது வயசு ஆசாமிகள் செய்கிறார்கள். புருவம் பொசுங்காமல் இருக்கத் தராசு, அளவுகோல், கண்ணுக்குக் கண்ணாடி, கணக்கெழுத நோட்டுப் புத்தகம் என்று சகல ஏற்பாடுகளோடு! சுட்டு முடித்த தோட்டாவின் காலிக் கூட்டை வீட்டுக்கு எடுத்துவந்து, மறுபடி மருந்தும் குண்டும் நிரப்பிப் புதுத் தோட்டாவாக்குகிறார்கள். இதற்குப் பெயர் ரீலோடிங். சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்றால் அங்கே மத்திய அரசின் லைசென்ஸ்கூட வேண்டாம். வியாபாரமாக ஆரம்பித்தால்தான் லைசென்ஸ்.

'துப்பாக்கியால் அந்த ஊர் படுகிற பாடு போதாதா?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. அதை எழுத ஒரு தனிப் புஸ்தகம் வேண்டும். இங்கே நாம் பார்க்கப்போவது வேறு. இந்தப் பொழுதுபோக்கில் ஆசை எப்படி வருகிறது, எப்படிப் போகிறது, போனது எப்படித் திரும்புகிறது என்பது.

ஸ்டாம்பு சேர்க்கிறவருக்குச் சலிப்பு வந்தால் ஆல்பம் பரணுக்குப் போகும். இதில் சலிப்பு வந்தால் விரல் போகும். வித்தியாசம் அவ்வளவுதான்!

நாலு சாமான்

ஒரு தோட்டாவில் நாலே நாலு சாமான். பித்தளைக் கூடு. அதன் அடியில் பொட்டு மாதிரி ஒரு சின்னக் கிண்ணம்; பிரைமர் என்று பெயர். பொம்மைத் துப்பாக்கியில் பொட்டு வெடி வைத்துச் சுடுவோமே, அதன் பெரிய அண்ணன். உள்ளே வெடிமருந்து. வாயில் குண்டு. சுட்டதும் குண்டு பறந்துவிடும், மருந்து எரிந்துவிடும், பிரைமர் செத்துவிடும். கூடு மட்டும் மிஞ்சும். நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை. தூக்கி எறிய யாருக்கு மனசு வரும்?

அமெரிக்காவில் இந்தப் பழக்கம் இப்படி வேர் விட்டதற்கு ஒரு வேடிக்கையான காரணமும் உண்டு. 1860-களில் ஹைரம் பெர்டன் என்ற அமெரிக்க ராணுவக்காரர் ஒரு விதப் பிரைமரைக் கண்டுபிடித்தார். எட்வர்ட் பாக்ஸர் என்ற ஆங்கிலேய அதிகாரி இன்னொரு விதம் கண்டுபிடித்தார். அமெரிக்கர் கண்டுபிடித்ததை ஐரோப்பா எடுத்துக்கொண்டது. ஆங்கிலேயர் கண்டுபிடித்ததை அமெரிக்கா எடுத்துக்கொண்டது! பாக்ஸர் முறையில் கூட்டின் அடியில் நட்ட நடுவே ஒரே ஓட்டை. உள்ளே ஒரு ஊசியை விட்டுத் தள்ளினால் செத்த பிரைமர் சமர்த்தாக வெளியே விழும். பெர்டன் முறையில் ஓரமாக இரண்டு ஓட்டை. ஊசி ஜம்பம் அங்கே பலிக்காது. ஆக, அமெரிக்கர்களின் வீட்டுத் தொழிலுக்கு வழி செய்து கொடுத்த புண்ணியவான் ஒரு வெள்ளைக்காரத் துரை.

காதல் காலம்

இனி கதைக்கு ஒரு ஆசாமி வேண்டும். நம்மாள் என்று வைத்துக்கொள்வோம். கற்பனைதான். ஆனால் இந்தப் பழக்கம் உள்ள யாரிடம் சொன்னாலும், 'இது என் கதையாச்சே!' என்பார்.

நம்மாள் 1990-களில் ஆரம்பித்தார். வீட்டம்மாவிடம் சொன்ன காரணம் சிக்கனம். "கடையில் வாங்குவதில் பாதி விலைதான் ஆகும், ஹனி." ('ஏங்க', 'இந்தாம்மா' இரண்டுக்கும் அந்த ஊரில் ஹனிதான்!)

"அப்படியா? எவ்வளவு மிச்சமாகும்?" என்று அந்த அம்மாள் கேட்டார். இந்தக் கேள்வியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வரும்.

முதல் கருவி கைக்கு அடக்கமான ஒரு செட். 1958-இல் ரிச்சர்ட் லீ என்பவர் கொண்டுவந்த எளிய ஏற்பாடு. நாலைந்து உருளைகள், ஒரு கரண்டி, மேலே தட்ட ஒரு மரச் சுத்தியல். தட்டித் தட்டித்தான் வேலை. பிரைமரைப் பொருத்தும்போது கொஞ்சம் ஏடாகூடமாகத் தட்டினால் 'டமார்!' ஆள் நாற்காலியோடு பின்னால் சாய்வார். சமையலறையிலிருந்து குரல் வரும்: "இன்னும் இருக்கீங்களா?"

அப்புறம் மேஜையில் முடுக்கும் கைப்பிடி பிரஸ். இந்த சாமான்களின் சரித்திரமே சுவாரசியம். கலிபோர்னியாவில் ஓரோவில் என்ற ஊரில், இரண்டாம் உலகப் போரால் குண்டுகளுக்குத் தட்டுப்பாடு வந்த சமயம், ஃப்ரெட் ஹன்டிங்டன் என்பவர் சொந்தமாகக் குண்டு செய்ய ஒரு அச்சு தயாரித்தார். அதிலிருந்து 1943-இல் பிறந்த கம்பெனிதான் ஆர்.சி.பி.எஸ். 'ராக் சக்' என்ற கொழுத்த அணில் ஜாதிப் பிராணியைச் சுடுவதற்கான குண்டு அது. கம்பெனிப் பெயரின் முதல் இரண்டு எழுத்து அந்தப் பிராணியுடையது!

மருந்தை நிறுப்பது கிரெய்ன் கணக்கில். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன். கிரெய்ன் என்றால் தானியம். பழைய நாளில் ஒரு தானிய மணியின் எடை. நம் ஆசாரி குன்றிமணி வைத்துத் தங்கம் நிறுத்த அதே சங்கதி. நம்மாள் மூச்சை அடக்கிக்கொண்டு தராசு முள்ளைப் பார்ப்பார். மின்விசிறிக்குத் தடை. பூனைக்கும் தடை.

இவ்வளவு பயபக்தி ஏன்? பிரஷர் குக்கரின் வெயிட்டைத் தூக்க, சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு வாக்கில் அழுத்தம் போதும். .30-06 என்று ஒரு தோட்டா உண்டு. 1906-இல் வந்ததால் வாலில் அந்த 06. அதற்கு அனுமதித்த உச்ச அழுத்தம் 60,000 பவுண்டு. நாலாயிரம் குக்கர்! அதுவும் சுடுபவரின் கன்னத்துக்கு வெகு பக்கத்தில். அதனால்தான் மருந்துக் கம்பெனிகள் அச்சடித்த அளவுப் புஸ்தகம் அங்கே வேதம். 'கண் அளவு', 'கைப் பதம்' எல்லாம் ரசத்துக்குத்தான்.

இந்தப் பைத்தியங்களால் உலகத்துக்கு வந்த சாமானும் உண்டு. 1971-இல் வந்த 'டர்ட்டி ஹாரி' படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட் ஒரு பெரிய ரிவால்வரை நீட்டுவாரே, அந்த .44 மேக்னம், ஐடஹோ மாநிலத்துப் பண்ணைக்காரர் எல்மர் கீத் வருஷக்கணக்காக வீட்டில் நிரப்பிப் பார்த்து, கம்பெனிகளை நச்சரித்ததன் விளைவு. 1950-களின் நடுவில் கம்பெனிக்காரர்கள் ஒரு வழியாக மசிந்தார்கள்.

கசந்த காலம்

ஆசை ஒரே நாளில் போகவில்லை. மூன்று வாசல் வழியாக ஒவ்வொன்றாய்ப் போனது.

முதல் வாசல், வேகம். சாதா பிரஸ்ஸில் மணிக்கு ஐம்பது, நூறு தோட்டா. 'போதாது' என்று நம்மாள் அடுக்கு பிரஸ் வாங்கினார். கைப்பிடியை ஒரு தரம் இழுத்தால் எல்லா வேலையும் வரிசையாக நடந்து ஒரு தோட்டா வந்து விழும். மணிக்கு நானூறு, ஐந்நூறு. விலை? வீட்டம்மாளிடம் பாதிதான் சொன்னார். அன்றைக்குப் பொழுதுபோக்கு போய் ஃபாக்டரி வந்தது. கைப்பிடியை இழுக்கிறவர் தொழிலாளி. முதலாளியும் அவரே. போனஸ் மட்டும் கிடையாது.

இரண்டாவது வாசல், துல்லியம். நூறு கஜ தூரத்தில் ஐந்து ஓட்டையும் ஒரு அங்குலத்துக்குள் விழுந்தது. அரை அங்குலம் ஆக்கவேண்டும் என்று ஆசை. கூட்டையெல்லாம் நிறுத்தார், கழுத்தைச் சீவினார், மருந்தில் கால் கிரெய்ன் கூட்டினார், குறைத்தார். மூன்று தோட்டா சுட்டு, 'ஆகா, இதுதான் ரகசியம்!' என்பார். மறு வாரம் அதே ரகசியம் பல்லை இளிக்கும். மூணே மூணு ஓட்டையை வைத்து முடிவு கட்டுவது, மூன்று பந்து பார்த்துவிட்டு பேட்ஸ்மேனின் சராசரியைச் சொல்வது மாதிரி. பாதிக்கு மேல் அதிர்ஷ்டம்தான். அதிர்ஷ்டத்தைத் துரத்தித் துரத்தி மனுஷர் களைத்துப்போனார்.

மூன்றாவது வாசல், தட்டுப்பாடு. 2012 டிசம்பர் 14. கனெக்டிகட் மாநிலத்தில் சாண்டி ஹுக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கட்டுப்பாடு வரப்போகிறது என்று பயந்து ஜனங்கள் கடைகளை மொய்த்தார்கள். 2013-இல் தோட்டா, மருந்து, பிரைமர் எதுவும் சுலபமாகக் கிடைக்கவில்லை. கடை திறக்குமுன் வரிசையில் போய் நின்றார் நம்மாள். முன்னால் நின்ற இரண்டு பேர் விலையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். குழந்தைகளைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. தானும் பேசவில்லை என்பது வீட்டுக்கு வந்தபின்தான் அவருக்கு உறைத்தது. வாங்கி வந்த டப்பா வாரக்கணக்கில் பிரிக்காமல் கிடந்தது.

அந்த 'டப்'

ஆனாலும் பழக்கம் விடுமா? ஒரு சாயந்தரம் டெலிவிஷனில் பேஸ்பால் ஓடிக்கொண்டிருக்க, ஒரு கண் அதிலும் ஒரு கண் பிரஸ்ஸிலுமாக ரிவால்வர் தோட்டா நிரப்பினார். மனசு இரண்டிலும் இல்லை.

அந்த வாரம் சுடும் மைதானத்தில் 'டுமீல்' என்று கேட்கவேண்டிய இடத்தில் 'டப்' என்று ஒரு சோப்ளாங்கி சத்தம். கையில் உதையே இல்லை. அடுத்த தோட்டாவுக்கு விரல் தயார். "நிறுத்து!" என்று கத்தினார் பக்கத்து மேஜைக்காரர்.

குழாய்க்குள் பார்த்தால் நடுவில் குண்டு சிக்கியிருந்தது. கூட்டில் மருந்தே விழவில்லை. வெறும் பிரைமரின் உந்தலில் குண்டு பாதி வழி போய் உட்கார்ந்துவிட்டது. அதன் முதுகில் அடுத்த குண்டு மோதியிருந்தால் துப்பாக்கி கையிலேயே வெடித்திருக்கும்.

இதற்கு நேர்மாறான தப்பு இன்னும் மோசம்: மருந்து இரண்டு தரம் விழுவது. .38 ஸ்பெஷல் போன்ற கூடுகள் கறுப்பு மருந்து காலத்தில் வடிவமைத்தவை. கறுப்பு மருந்துக்கு நிறைய இடம் வேண்டும். இப்போதைய புகையில்லா மருந்து கொஞ்சம் போட்டாலே போதும். ஆகவே இரண்டு மடங்கு விழுந்தாலும் வழியாது, கண்ணில் படாது.

நம்மாள் வீட்டுக்கு வந்தார். பிரஸ்ஸின் மேல் ஒரு பழைய போர்வையைப் போர்த்தினார். கராஜ் விளக்கை அணைத்தார். நல்ல முடிவு. பெரியவர்கள் இதைக் கோழைத்தனம் என்று சொல்லமாட்டார்கள். மனசு இல்லாத இடத்தில் கை வைக்காமல் இருப்பதும் ஒரு தேர்ச்சிதான்.

திரும்பி வந்த ஆசை

வருஷங்கள் ஓடின. 2020-இல் கொரோனா. மறுபடி கடைகள் காலி. முன்பு ஆயிரம் பிரைமர் 30 டாலர் சுமாருக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. தட்டுப்பாட்டில் கைமாறிய விலை 100 டாலரைத் தாண்டியது. நம்மாள் அலமாரியில் பிரிக்காத டப்பாக்கள் இருந்தன. 'விற்றுத் தொலைக்கலாம்' என்றுதான் போர்வையை விலக்கினார்.

பிரஸ்ஸின் தலையில் இருந்த டப்பாவில் பாதி மருந்து அப்படியே கிடந்தது. எந்த மருந்து? ஞாபகம் இல்லை. சீட்டும் ஒட்டவில்லை. பார்வைக்குப் பல மருந்துகள் ஒன்றுபோல இருக்கும். எரிகிற வேகம் வேறு வேறு. பேர் தெரியாத மருந்தை உபயோகிக்கவே கூடாது என்பது முதல் பாடம். கொஞ்சம்தான் என்பதால், அந்த ஊர்ப் பழைய வழக்கப்படி, தோட்டத்துப் புல்லில் மெல்லிசாகத் தூவிவிட்டார். அதில் நைட்ரஜன் உண்டு, உரமாகப் போகும்.

"இத்தனை வருஷத்தில் இதுதான் மிச்சம். புல்லாவது வளருதே!" என்றார் வீட்டம்மாள்.

அலமாரியைத் துழாவும்போது அடியில் கிடைத்தது அந்த முதல் செட்டும் மரச் சுத்தியலும். பக்கத்திலேயே பழைய நோட்டுப் புத்தகம். முதல் பக்கத்தில் தன் கையெழுத்து: தேதி, மருந்தின் பெயர், அளவு, அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதுகூட. அப்போது எவ்வளவு கவனம்! கடைசிப் பக்கங்களைப் புரட்டினார். வெறும் எண்ணிக்கைதான். 500. 500. 400.

ஆசை எங்கே தொலைந்தது என்பது அந்த நோட்டிலேயே தெரிந்தது.

அடுக்கு பிரஸ்ஸை விற்றார். பிரைமரை விற்கவில்லை. இப்போது ஒரே ஒரு துப்பாக்கிக்கு, ஒரே ஒரு அளவில், ஒரு தரத்துக்கு இருபது தோட்டா. மேஜையில் ஒரு மருந்து டப்பா மட்டும். டெலிவிஷன் கிடையாது, போன் பக்கத்து அறையில். இருபது கூட்டையும் பலகையில் நிறுத்தி மருந்து போட்டபின், டார்ச் அடித்து ஒவ்வொன்றாக எட்டிப் பார்ப்பார்: எல்லாவற்றிலும் ஒரே மட்டமா? அதன் பிறகுதான் குண்டு. கொட்டாவி வந்தால் கடையைக் கட்டிவிட்டுப் படுக்கப் போய்விடுவார், பதினொன்றாவது தோட்டாவோடு நின்றாலும் சரி.

அரை அங்குல ஆசையையும் விட்டாயிற்று. ஒரு அங்குலமே ஏக சந்தோஷம். மறுபடி நோட்டில் காற்றின் திசை எழுத ஆரம்பித்திருக்கிறார்.

அன்று ராத்திரி இருபது தோட்டாவையும் டப்பாவில் அடுக்கி, சீட்டு ஒட்டி, கை கழுவிக்கொண்டு வந்தார். வீட்டம்மாள் அந்தப் பழைய கேள்வியைக் கேட்டார்.

"சரி, இதுவரைக்கும் மொத்தமா எவ்வளவு மிச்சம்?"

நம்மாள் ஈரக் கைகள் இரண்டையும் விரித்துக் காட்டினார்.

"பத்து!"