சைக்கிளின் பல் கணக்கு

நூலையும் விதையையும் பற்றி எழுதவேண்டிய இப்பக்கங்களில் சைக்கிளுக்கு என்ன வேலை என்று அங்கத்தினர் சிலர் கேட்கக்கூடும். காரணம் உண்டு. சங்கத்திலிருந்து நூலைக் கொண்டுவருவதும், நெய்த புடவைகளைக் கொண்டுபோய் ஒப்படைப்பதும், காய்கறி மூட்டையைச் சந்தைக்கு ஏற்றிச் செல்வதும் நம்மில் அநேகருக்கு இன்றும் சைக்கிளின் துணையாலேயே நடைபெறுகின்றன. மோட்டார் வண்டிகள் பெருகிவிட்டன என்பது மெய்தான். ஆயினும் பெட்ரோல் செலவைக் கூட்டிப் பார்த்துவிட்டு, திண்ணையில் சாத்திவைத்த பழைய வண்டியைத் துடைத்து எடுத்தவர்களையும் நான் அறிவேன்.

அவ்வாறு எடுத்தவர்களுள் நானும் ஒருவன். வண்டிக்குப் புது பிரீவீல் போடவேண்டியிருந்தது. பழுது பார்த்த கடைக்காரர், “இதைப் போட்டால் வண்டி நல்ல வேகம் போகும்” என்று சொல்லிச் சிறிய சக்கரம் ஒன்றைப் பொருத்தினார். வேகம் போனது உண்மை. வெறும் வண்டியாகச் சமதரையில் ஓட்டினால் சுகமாகவே இருந்தது. நூல் மூட்டையைக் கேரியரில் கட்டிக்கொண்டு ஆற்றுப் பாலத்தின் ஏற்றத்தை மிதித்தபோதுதான் உண்மை விளங்கியது. இரண்டு மாதத்தில் வலது முழங்காலில் நோவு கண்டது. குழித்தறியில் மிதிக்கட்டையை நாள் முழுதும் மிதிக்கிறவனுக்கு முழங்கால் கெட்டால் பிழைப்பும் கெட்டது என்றே பொருள். வைத்தியரிடமும் போனேன், தைலமும் தேய்த்தேன். கடைசியில் ஒரு நாள் வண்டியைத் தலைகீழாக நிறுத்திப் பற்களை எண்ணினேன். முன்னே 44, பின்னே 16. நோய்க்கு மூலம் அங்கே இருந்தது.

அந்த எண்களைக் கொண்டு நோயை எவ்வாறு அறிவது என்பதை இனிப் பார்ப்போம்.

மிதியை ஒருமுறை முழுதாகச் சுற்றினால் முன்சக்கரத்தின் 44 பற்களும் சங்கிலியை இழுக்கின்றன. பின்னே 18 பற்கள் இருந்தால் பின்சக்கரம் 44-ஐ 18-ஆல் வகுத்த அளவு, அதாவது ஏறக்குறைய இரண்டரைச் சுற்று, சுற்றும். இதனைச் சக்கரத்தின் குறுக்களவாகிய 28 அங்குலத்தால் பெருக்கினால் 68 வரும். சைக்கிள் வல்லுநர் இதனை “68 அங்குல கியர்” என்று வழங்குவர்.

இந்த அங்குலக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பது சுவையான விஷயம். சங்கிலி இல்லாத காலத்துச் சைக்கிளில் மிதி நேரே முன்சக்கரத்தின் அச்சில் பொருத்தப்பட்டிருந்தது. வேகம் வேண்டுமானால் சக்கரத்தைப் பெரிதாக்குவது ஒன்றே வழி. ஆகவே 1870-களில் ஆள் உயரச் சக்கரத்தின்மேல் ஏறி உட்கார்ந்து ஓட்டினர். கால் எட்டுமளவுக்குமேல் சக்கரம் வளர இயலாது. குட்டையானவர் குட்டைச் சக்கரத்தோடு திருப்தியடைய வேண்டியதுதான். கல்லில் முட்டினால் தலைகுப்புற விழவேண்டும். 1885-ல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் சங்கிலியால் பின்சக்கரத்தைச் சுழற்றும் ரோவர் வண்டியை வெளியிட்டார். அதன் பிறகு ஓட்டுபவரின் கால் நீளத்துக்கும் கியரின் அளவுக்கும் இருந்த பந்தம் அற்றது. ஆனால் பழைய அளவு மட்டும் நிலைத்துவிட்டது. நம் வண்டி “68 அங்குலம்” என்றால், 68 அங்குலக் குறுக்களவுள்ள அந்தப் பெரிய சக்கரத்தை நேரே மிதிப்பதற்குச் சமம் என்பதே பொருள்.

நம் ஊர்ப் பழைய மாதிரி வண்டிகளில் பெரும்பாலும் முன்னே 44 அல்லது 48 பற்களும், பின்னே 18 பற்களும் காணலாம். பிறர் சொல்வதை நம்பாமல் தாமே எண்ணிப் பார்ப்பது நலம். ஒரு பல்லில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு எண்ணினால் தவறு வாராது. 44-க்கு 18 என்றால் ஒரு மிதிச் சுற்றுக்கு வண்டி ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் செல்லும். நிமிஷத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம். பின்னே 20 பல் போட்டால் கியர் 62 அங்குலமாகும். அதே மிதிக்கு வேகம் 18 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறையும். 22 பல் போட்டால் கியர் 56, வேகம் 16. என் வண்டியில் இருந்த 16 பல் 77 அங்குலத்தைத் தந்தது. அது வெறும் வண்டியில் சமதரையில் பந்தயம் விடும் வாலிபருக்குப் பொருந்துமேயன்றி நூல் மூட்டைக்குப் பொருந்தாது.

“பெரிய கியரில் வேகம் மிகுகிறதே, அதில் நஷ்டம் என்ன?” என்று கேட்கலாம். மாடு கட்டிக் கவலை ஏற்றிய காலத்தை அறிந்த முதியோர் இதற்கு உடனே விடை சொல்வர். கிணற்றில் பெரிய சாலைக் கட்டினால் நடை குறையும், மாடு திணறும். சிறிய சாலைக் கட்டினால் நடை கூடும், மாடு பிழைக்கும். வயலுக்குச் செல்லும் நீர் இரண்டிலும் ஒன்றுதான். சைக்கிளில் மாடும் நாமே, மாட்டை ஓட்டுபவரும் நாமே என்பதால் மாட்டின் கஷ்டம் ஓட்டுபவருக்குத் தெரியாமற் போவதற்கு இடமில்லை.

கணக்காகவே பார்க்கலாம். ஓட்டுபவர் 60 கிலோ, வண்டி 20 கிலோ, மூட்டை 40 கிலோ. ஆக 120 கிலோ. இருபது அடிக்கு ஓரடி உயரும் மேட்டில் இவ்வெடையைப் பின்னே இழுக்கும் விசை 6 கிலோ. டயர் உருள்வதன் தடைக்கு ஒரு கிலோ சேர்த்தால் 7. ஆறரை அங்குலக் கிராங்கும் 68 அங்குல கியரும் உள்ள வண்டியில் மிதியின்மேல் சராசரி 37 கிலோ அழுத்தம் வேண்டும். சராசரி என்பதைக் கவனிக்க. மிதி உச்சியிலும் அடியிலும் இருக்கும்போது கால் பயன்படுவதில்லை. ஆகவே கிராங்கு படுக்கையாக இருக்கும் தருணத்தில் அழுத்தம் 58 கிலோ வரை ஏறும். 60 கிலோ மனிதர் தம் உடல் எடை முழுவதையும் ஒற்றைக் காலில் இறக்கினால்தான் வண்டி நகரும். அதனால்தான் மேட்டில் எழுந்து நின்று மிதிக்கிறோம். 56 அங்குல கியரில் அதே மேட்டுக்கு உச்ச அழுத்தம் 48 கிலோவுக்குள் அடங்கிவிடும். உட்கார்ந்தபடி ஏறுவதற்கும் எழுந்து நிற்பதற்கும் உள்ள வேற்றுமை இந்தப் பத்துக் கிலோவில் இருக்கிறது. முழங்காலின் ஆயுளும் அதில்தான் இருக்கிறது.

மேடு இல்லாத ஊரில் இருப்பவர் இது தமக்கில்லை என்று எண்ணவேண்டாம். தஞ்சைச் சமவெளியில் மேடு என்றால் வாய்க்கால் பாலந்தான். அங்கே 68 அங்குலமே போதும். ஆனால் பாலக்காட்டுக் கணவாய்க்கு நேரே அமைந்த உடுமலை, பல்லடம் பகுதிகளில் ஆனி, ஆடி மாதங்களில் மேற்கே முகம் வைத்துச் சைக்கிள் ஓட்டியவருக்குக் காற்று என்பது என்னவென்று தெரியும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறுகிறது. மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவருக்கு எதிரே அதே 18 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், தடை இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. சுமையில்லாத வண்டிக்கே இது முப்பது அடிக்கு ஓரடி ஏறும் மேட்டுக்கு ஏறத்தாழச் சமம். மேடாவது உச்சியில் முடியும். காற்று ஊர் வந்துசேரும்வரை முடியாது. அம்மியைப் பறக்கவிடும் ஆடிக்காற்று சைக்கிள்காரரை மட்டும் விட்டுவைக்குமா?

ஆகவே ஒரே கியர் உள்ள வண்டியில் எந்த அளவு சரி என்பதற்கு ஒரே விடை இல்லை. என் அபிப்பிராயம் இது: சுமையின்றிச் சமதரையில் ஓடும் வண்டிக்கு 65 முதல் 70 அங்குலம். இருபத்தைந்து கிலோவுக்கு மேற்பட்ட சுமையை வாரத்தில் பல நாள் ஏற்றுபவருக்கு 60 முதல் 62. சுமையோடு மேடோ எதிர்க்காற்றோ சேர்ந்தால், அல்லது ஓட்டுபவருக்கு ஐம்பது வயது கடந்திருந்தால், 56. வேகம் குறையுமே என்ற கவலை வேண்டியதில்லை. ஊருக்குள் வேகத்தைத் தீர்மானிப்பவை நாற்சந்தியும் நெரிசலுமே. நின்று நின்று புறப்படும் வண்டிக்குச் சிறிய கியரே உகந்தது. ஐயமிருப்பவர் ஒரு நாள் கடிகாரத்தைப் பார்த்தபடி வலது முழங்கால் நிமிஷத்தில் எத்தனை முறை மேலே வருகிறது என்று எண்ணட்டும். வழக்கமான சுமையோடு, வழக்கமான சாலையில் 60-க்குக் குறைந்தால் கியர் பெரிது. சமதரையில் 90-க்குமேல் கால் பறந்தால் கியர் சிறிது. 26 அங்குலச் சக்கரமுள்ள வண்டியில் அதே 44-க்கு 18 பல் 64 அங்குலமே தரும் என்பதையும் நினைவிற்கொள்ளவேண்டும்.

மலையிலும் சமவெளியிலும் ஒரே பல்லோடு போராடிய கதை நமக்கு மட்டும் உரியதன்று. பிரான்சு தேசத்தில் ரிப்பன் நெசவுக்குப் பேர்போன சேந்த்-எத்தியேன் நகரில் போல் தெ விவி என்ற பட்டு வியாபாரி இருந்தார். அவர் 1887-ல் பட்டை விட்டுச் சைக்கிள் கடை வைத்து, சைக்கிளுக்கென ஒரு பத்திரிகையும் தொடங்கினார். ஒரே வண்டியில் பல கியர் வேண்டும் என்பதே அவர் வாழ்நாள் முழுதும் நடத்திய வாதம். பந்தயக்காரர் அவரை ஏற்கவில்லை. 1903-ல் தொடங்கிய பிரான்சுச் சுற்றுப் பந்தயத்தில் கியர் மாற்றும் கருவியை 1937 வரை அனுமதிக்கவில்லை. அதுவரை வீரர்கள் பின்சக்கரத்தின் இருபுறமும் வெவ்வேறு பல்லை வைத்துக்கொண்டு, மலையடிவாரம் வந்ததும் இறங்கிச் சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டி ஏறினர். இரண்டாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட மலைகளையும் இப்படியே கடந்தனர். கட்டுப்பாடுகளைப் போற்றுபவன் நான். எனினும் இது பிடிவாதமே.

நகரத்து இளைஞரிடையே இப்போது காணப்படும் “பிக்ஸட்” வண்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இதில் பிரீவீல் கிடையாது. சக்கரம் சுழலும்வரை மிதியும் சுழலும். இறக்கத்தில் காலை ஓய்வாக வைக்க முடியாது. 62 அங்குல கியரில் இறக்கத்தில் மணிக்கு 30 கிலோமீட்டர் வந்தால் கால் நிமிஷத்துக்கு நூறு சுற்றுச் சுற்றியாகவேண்டும். ஆகவே மிகச் சிறிய கியர் இதற்கு ஆகாது. பின்சக்கரத்தைக் காலால் நிறுத்திச் சறுக்கி நிற்பது அவர்கள் வழக்கம். அங்கே பல் கணக்கில் இன்னொரு விசேஷம் இருக்கிறது. 48-க்கு 16 என்பது சரியாக மூன்று மடங்கு. ஒரே காலை முன்வைத்துச் சறுக்கினால் ஒவ்வொரு முறையும் டயரின் ஒரே இடம் தரையில் தேயும். அந்த இடம் விரைவில் ஓட்டையாகும். 47-க்கு 17 என்றால் பதினேழு இடங்களில் தேய்வு பங்கிடப்படும். சேலையில் புட்டா எத்தனை இழைக்கு ஒருமுறை திரும்பி வருகிறது என்று கணக்கிடும் நெசவாளருக்கு இதை விளக்கவேண்டியதில்லை. இங்கிலாந்துச் சட்டம் இவ்வண்டிக்கும் முன்பிரேக் ஒன்றைக் கட்டாயமாக்கியிருக்கிறது. நியாயமான சட்டம். மூட்டை ஏற்றும் நம் அங்கத்தினர் எவரும் இவ்வண்டியை நாடவேண்டாம்.

இனி மாற்றும் முறை. முன்சக்கரத்தைத் தொடவேண்டாம், காட்டர் பின்னைச் சம்மட்டியால் அடித்துக் கழற்றுவதில் கிராங்கே கெட்டுப்போகும். பின்னே ஒரு பல் மாற்றினால் முன்னே இரண்டு பல்லுக்கு மேல் மாற்றியதற்குச் சமம். பின் பிரீவீலின் விலையும் குறைவு. 18-க்குப் பதில் 20 போட்டால் சங்கிலி அரை அங்குலம் கூடுதலாகத் தேவைப்படும். பின் அச்சைக் கால் அங்குலம் முன்னே தள்ளினால் அது கிடைத்துவிடும். 22 என்றால் ஓர் அங்குலச் சங்கிலி வேண்டும். அச்சை அரை அங்குலம் தள்ள இடமில்லாவிட்டால் ஒரு முழுக் கண்ணியைச் சேர்க்கவேண்டும். அச்சை நகர்த்திய பின் பிரேக் கட்டைகள் ரிம்மில் சரியாகப் படிகின்றனவா என்று பார்க்க. சங்கிலியின் நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் அசையவேண்டும்.

பழைய சங்கிலியோடு புதுப் பல்லைச் சேர்ப்பது கிழிந்த வேட்டிக்குப் புதுக் கரை தைப்பது போலாகும். அளவுகோலை வைத்துப் பன்னிரண்டு முழுக் கண்ணிகளை அளந்து பார்க்க. புதுச் சங்கிலியானால் சரியாக 12 அங்குலம் இருக்கும். அதற்குமேல் அரைக்கால் அங்குலம் நீண்டிருந்தால் சங்கிலியையும் மாற்றிவிடுவது மேல். இல்லையேல் மேட்டில் பல் நழுவி, மிதி வெறுமையாகி, ஓட்டுபவர் பாரின்மேல் விழுவார்.

என் வண்டியில் இப்போது 22 பல் இருக்கிறது. முழுச் சங்கிலிக் கூடு உள்ள வண்டியாதலால் பெரிய பிரீவீல் கூட்டின் உட்புறத்தில் உரசி, முதல் வாரம் முழுதும் கரகரவென்று சத்தமிட்டது. கூட்டின் பின்கம்பியை ஒரு வாஷர் கனத்துக்கு வெளியே தள்ளி முடுக்கிய பின் நின்றது.