மொரோக்கோவின் கறுப்புச் சவர்க்காரம்: விற்பவரும் வாங்குபவரும் அறிய வேண்டியவை

'இயற்கை' என்ற சொல்லை ஒட்டிவிட்டால் எந்தச் சவர்க்காரத்தையும் இரட்டிப்பு விலைக்கு விற்கலாம் என்ற நிலை இன்று உள்ளது. மொரோக்கோவின் கறுப்புச் சவர்க்காரத்தை இறக்கி விற்றால் இலாபம் கிடைக்குமா என்று சில சகோதர சகோதரிகள் என்னிடம் கேட்கின்றனர். முதலைப் போடுவதற்கு முன்னர் பொருளை அறிந்துகொள்வது நல்லது.

மொரோக்கோ மக்கள் இதனை 'சாபூன் பெல்தி' என்பர். 'நாட்டுச் சவர்க்காரம்' என்பது இதன் கருத்தாகும். ஒலிவ் எண்ணெயைப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டுடன் சேர்த்துக் காய்ச்சி இது தயாரிக்கப்படுகின்றது. வழமையான கட்டிச் சவர்க்காரத்துக்குச் சோடியம் ஐதரொட்சைட்டு பயன்படுகின்றது. பொற்றாசியம் சேர்வதால் இது கட்டியாக இறுகாமல் களி போன்று இருக்கும். அங்குள்ள சந்தைகளில் இதனை நிறுத்தே விற்கின்றனர். கானா, நைஜீரியா போன்ற நாடுகளின் கறுப்புச் சவர்க்காரம் வேறானது. அது கொக்கோக் கோது, வாழையினத் தோல் முதலியவற்றின் சாம்பலிலிருந்து செய்யப்படுவது. பெயர் ஒன்றாக இருப்பதால் பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கின்றனர்.

அடுத்து முக்கியமான விடயம். இச்சவர்க்காரத்தில் உரசும் துகள்கள் கிடையாது. ஹம்மாம் எனப்படும் நீராவிக் குளியலறையில் உடல் நன்கு ஊறிய பின்னர் இதனைப் பூசி, 5 முதல் 10 நிமிடங்கள் விட்டுக் கழுவுவர். அதன்பின் 'கெஸ்ஸா' என்னும் சொரசொரப்பான கையுறையால் தேய்ப்பர். அப்போதுதான் இறந்த தோல் சுருண்டு சுருண்டு கழன்று வரும். ஆகவே ஊத்தையை எடுப்பது வெப்பமும் கையுறையும்தான். சவர்க்காரம் தோலை இளக்கி உதவுகின்றது. கையுறையின்றி, பாவிக்கும் முறையும் சொல்லாமல் போத்தலை மட்டும் விற்பவரிடம் வாடிக்கையாளர் இரண்டாம் முறை வரமாட்டார். சுடுநீரில் குளித்து வாரம் ஒருமுறை பாவித்தால் போதுமானது.

போலிகளை அறிவதும் கடினமன்று. சேர்மானப் பட்டியலில் 'பொற்றாசியம் ஒலிவேற்று' முன்னணியில் இருக்க வேண்டும். 'சோடியம் லோரத் சல்பேற்று' காணப்பட்டால் அது நிறமூட்டிய சாதாரண நுரைக் கழுவியாகவே இருக்கும். மேலும், களிச் சவர்க்காரத்தில் நீரும் கணிசமாக உண்டு. நிறையைப் பார்த்து விலை பேசும்போது நீருக்கும் பணம் கொடுக்கிறோம் என்பதை மறக்க வேண்டாம்.

இது தோலை வெள்ளையாக்கும், நோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வோரை நான் ஆதரிப்பதில்லை. எல்லா அசல் சவர்க்காரங்களையும் போல் இதுவும் காரத்தன்மை உடையது. காயம், சொறி, எக்ஸிமா உள்ளவர்கள் இதனைத் தேய்த்தால் எரிவும் வரட்சியும் அதிகரிக்கும்.

பொருள் நல்லதுதான். ஆனால் அதன் தன்மையை உள்ளபடி சொல்லி விற்பவருக்கே வியாபாரம் நிலைக்கும். குறையை மறைத்துத் தேடும் இலாபத்தில் பரகத் இராது என்பதை நாம் அறிவோம்.