ரெய்டு கார்டா, சாஃப்ட்வேரா?

சர்வருக்குள் இரவும் பகலும் சுழன்றுகொண்டிருக்கும் ஹார்ட் டிஸ்க் என்றேனும் ஒருநாள் பழுதாகியே தீரும் என்பதை முன்னரே ஒப்புக்கொண்டு, ஒன்று போனாலும் மற்றவை தடையின்றி வேலையை நடத்திச் செல்லும்படி பல டிஸ்க்குகளை ஒரு குழுவாகப் பிணைத்து வைக்கும் ஏற்பாட்டுக்கு ரெய்டு என்று பெயர். 1988-ல் கலிபோர்னியாவிலுள்ள பெர்க்லி சர்வகலாசாலையைச் சேர்ந்த டேவிட் பாட்டர்ஸன், கார்த் கிப்ஸன், ராண்டி காட்ஸ் என்ற மூவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையால் அது பிரசித்தி பெற்றது. ஒரே தகவலை இரண்டு டிஸ்க்குகளில் பிரதியெடுத்து வைப்பது ஒரு முறை. தகவலைப் பங்கிட்டு எழுதி, அப்பங்குகளிலிருந்து கணித்தெடுத்த பாரிட்டியையும் உடன் எழுதி, இழந்த பங்கை எஞ்சியவற்றின் உதவியால் மீட்டுக்கொள்வது மற்றொரு முறை.

இந்த வேலையை, தனக்கென்று பிராசஸரும் மெமரியும் படைத்த ஒரு ரெய்டு கார்டிடம் ஒப்படைப்பதா, ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடமே விட்டுவிடுவதா என்பதுதான் சர்வர் வாங்குவோர் முன் நிற்கும் பிரச்னை. சர்வரின் பிராசஸர் மந்தமாக இருந்த நாட்களில் பாரிட்டிக் கணக்கைக் கார்டின் தலையில் கட்டியது நியாயமே. இன்றைய பிராசஸருக்கு அந்தக் கணக்கு ஒரு பொருட்டன்று. ஆகவே வேகத்தைக் காட்டிக் கார்டு விற்பவரின் வாதத்தைச் சற்றுச் சந்தேகத்தோடு கேட்பது நல்லது.

கார்டின் மெய்யான பலம் அதன் பாட்டரியில் இருக்கிறது. தகவல் எழுதப்பட்டு, அதற்குரிய பாரிட்டி எழுதப்படுமுன் மின்சாரம் நின்றுபோனால், இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாகி, பின்னால் ஒரு டிஸ்க் போகும் தருணத்தில் பொய்யான தகவல் மீண்டுவரக்கூடும். பாட்டரியுள்ள கார்டு, எழுதாது நின்றதை மெமரியில் காத்து வைத்திருந்து, மின்சாரம் வந்ததும் எழுதி முடிக்கிறது. ஆனால் பாட்டரிக்கும் ஆயுள் உண்டு. மேலும், சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2005-ல் வெளியிட்ட இசட்.எஃப்.எஸ். என்ற ஃபைல் சிஸ்டம், பழைய தகவலின்மேல் எழுதாமல் புதிய இடத்தில் எழுதிவிட்டுப் பிறகே சுட்டியை மாற்றுவதால், பாட்டரியின்றியே இவ்வாபத்தைத் தவிர்க்கிறது. ஒவ்வொரு துணுக்குக்கும் செக்ஸம் என்ற சரிபார்ப்பு எண்ணை வைத்திருப்பதால், இரண்டு பிரதிகள் வேறுபட்டால் எது மெய்யென்றும் அதற்குத் தெரியும்.

கார்டே பழுதானால் என்ன செய்வது? டிஸ்க்குகள் நலமாயிருந்தாலும், அவற்றில் தகவல் பரவியிருக்கும் முறை கார்டு தயாரித்தவரின் சொந்த முறையாதலால், அதே வர்க்கத்தைச் சேர்ந்த கார்டு கைக்கு வரும்வரை அவை பயனற்றுக் கிடக்கும். லினக்ஸின் எம்.டி. என்ற சாஃப்ட்வேர் ரெய்டு முறையில் அமைத்த டிஸ்க்குகளையோ வேறொரு லினக்ஸ் யந்திரத்தில் மாட்டி எழுப்பிவிடலாம். சிறு ஸ்தாபனங்களுக்கு சாஃப்ட்வேர் ரெய்டே உசிதம் என்று நான் கருதுவதற்கு இதுவே முக்கிய காரணம்.

சிரமங்களும் இல்லாமலில்லை. கார்டுள்ள சர்வரில் சிவப்பு விளக்கு எரியும் டிஸ்க்கை உருவிவிட்டுப் புதியதைச் செருகினால் பெரும்பாலும் வேலை முடிந்தது. சாஃப்ட்வேர் முறையில் கட்டளைகள் தெரிந்த ஒருவர் வேண்டும், பூட் லோடரை எல்லா டிஸ்க்குகளிலும் பதித்து வைக்கும் முன்யோசனையும் வேண்டும். ஒரே யந்திரத்தில் பல வர்ச்சுவல் சர்வர்களை நடத்தும் வி.எம்.வேர் ஈ.எஸ்.எக்ஸ்.ஐ. ஓடும் தனி சர்வருக்கோ, உள் டிஸ்க்குகளைக் காக்க அதனிடம் சாஃப்ட்வேர் ரெய்டு இல்லாமையால், கார்டைத் தவிர வேறு கதி அநேகமாக இல்லை. அப்படி வாங்குவோர், அதே மாடலில் இன்னொரு கார்டையும் வாங்கி அலமாரியில் வைத்துக்கொண்டு, அதன் விலையையும் சேர்த்தே செலவைக் கணக்கிட வேண்டும்.