போர்ப்படங்களும் போரின் வரலாறும்

போரைக் கண்ணால் கண்டவர்கள் நம்மிடையே மிகச் சிலரே. போரைப் பற்றி நம் உள்ளத்தில் பதிந்துள்ள காட்சிகளுள் பெரும்பகுதி திரைப்படத்திலிருந்தும் தொலைக்காட்சியிலிருந்தும் வந்தவை. ஆகவே, அக்காட்சிகளை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற கேள்வி, வரலாறு பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் கேட்டாக வேண்டிய கேள்வியாகும்.

பிழைகள் யாவும் ஒரே தரத்தன அல்ல. 1965-ஆம் ஆண்டில் 'பேட்டில் ஆஃப் தி பல்ஜ்' என்னும் ஆங்கிலப் படம் வெளிவந்தது. அது காட்டும் போர் 1944 டிசம்பரில் ஆர்டென் காடுகளில் நிகழ்ந்தது. படத்தை எடுத்ததோ ஸ்பெயின் நாட்டில். ஜெர்மானிய டாங்கிகள் என்று அதில் உறுமிக்கொண்டு வருபவை, போர் முடிந்த பின்னர் உருவான அமெரிக்க டாங்கிகள். இதை மன்னித்துவிடலாம், உண்மையான ஜெர்மானிய டாங்கிகளுக்குப் படக்காரர் எங்கே போவார்? ஆனால், இறுதிப் போர் வறண்ட சமவெளியில் நடப்பதாகக் காட்டியதை அவ்வளவு எளிதில் விட்டுவிட இயலாது. மூடுபனியும் தாழ்ந்த மேகமும் நேச நாட்டு விமானங்களை எழும்பவொட்டாமல் தடுத்ததனாலேயே ஜெர்மானியர் முதல் சில நாட்களில் முன்னேற முடிந்தது. வானிலையை மறந்த மாணவனுக்கு அப்போரின் போக்கே விளங்காது.

ஒருவர் செய்த செயலை மற்றொருவர் பெயரில் எழுதிவிடுவதும் உண்டு. 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த 'யூ-571' என்னும் படத்தில், எனிக்மா என்ற ஜெர்மானிய மறைகுறிப் பொறியை நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து அமெரிக்க மாலுமிகள் கைப்பற்றுகிறார்கள். வரலாற்றில், 1941 மே மாதத்தில் 'யூ-110' என்ற நீர்மூழ்கியில் ஏறி அப்பொறியைக் கைக்கொண்டவர்கள் 'புல்டாக்' என்னும் பிரிட்டிஷ் நாசகாரிக் கப்பலைச் சேர்ந்தவர்கள். அமெரிக்கா போரில் இறங்கியதே அவ்வாண்டு டிசம்பரில்தான்.

இவற்றினும் நம்மை நெருங்கித் தொடுவது வேறொரு படம். 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' என்னும் அப்படத்தை டேவிட் லீன் 1957-இல் எடுத்தார். ஏழு ஆஸ்கார் பரிசுகளைப் பெற்ற படம் அது. பிரெஞ்சு எழுத்தாளர் பியர் பூல் 1952-இல் எழுதிய நாவலே அதற்கு மூலம். ஜப்பானியரிடம் சிறைப்பட்ட பிரிட்டிஷ் படையினர் சயாம் நாட்டில் ஆற்றின் குறுக்கே மரப்பாலம் கட்டுகிறார்கள். ஜப்பானியப் பொறியாளர்களுக்குப் பாலம் கட்டத் தெரியவில்லை. பிரிட்டிஷ் கர்னல் நிக்கல்சன் அப்பணியைத் தம் பெருமையாக ஏற்று முடித்துத் தருகிறார். முடிவில் நேச நாட்டு வீரர்கள் வெடி வைத்ததனால் பாலம் தகர்ந்து, அதன்மீது வந்த ரயிலும் ஆற்றில் வீழ்கிறது. இக்காட்சிகளை எடுத்தது இலங்கையில், கித்துல்கல என்னும் ஊரில், களனி ஆற்றின்மேல்.

நடந்தது வேறு. கடல்வழியே பர்மாவுக்குச் சென்ற ஜப்பானியச் சரக்குக் கப்பல்களை நேச நாட்டு நீர்மூழ்கிகள் அச்சுறுத்தின. அதனால், சயாமிலிருந்து பர்மாவிலுள்ள தான்பியூசாயத் வரை ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளத்துக்கு இருப்புப்பாதை போட ஜப்பானியர் துணிந்தனர். 1942-இல் தொடங்கிய வேலை, 1943 அக்டோபர் 17 அன்று இரு முனைகளும் இணைந்ததோடு நிறைவேறியது. மலையும் காடும் சூழ்ந்த அவ்வழியில் இத்தனை விரைவாகப் பாதை அமைத்தவர்களைத் திறமையற்றவர் என்பது பொருந்தாது. அவர்களிடம் தேர்ந்த ரயில்வேப் படைப்பிரிவுகள் இருந்தன. காஞ்சனபுரி அருகே கட்டப்பட்டவையும் இரண்டு பாலங்கள். ஒன்று மரத்தாலானது, மற்றொன்று ஜாவாவிலிருந்து கொணர்ந்த இரும்புச் சட்டங்களாலானது. இரண்டையும் 1945-இல் தாக்கிச் சிதைத்தவை விமானக் குண்டுகள். நாவலிலோ பாலம் தகரவே இல்லை. இரும்புப் பாலம் பின்னர் செப்பனிடப்பட்டு, இன்றும் ரயில் ஓடும் பாலமாக நிற்கிறது.

அது நின்ற ஆறும் குவாய் அன்று, மேகிளாங் ஆறு. படத்தைப் பார்த்துவிட்டு வந்த பயணிகள் குவாய் நதி எங்கே என்று தேடவே, தாய்லாந்து அரசாங்கம் 1960-க்குப் பின் ஆற்றின் அப்பகுதிக்குப் பெயரை மாற்றி வைத்தது. படத்தை வரலாற்றுக்கேற்பத் திருத்துவதைக் காட்டிலும் ஆற்றைப் படத்துக்கேற்பத் திருத்துவது எளிதாயிருந்தது போலும்!

பாலத்தருகே இருந்த முகாமில் கைதிகளுக்குத் தலைமை தாங்கிய பிரிட்டிஷ் அதிகாரி பிலிப் டூசி என்பவர். அவர் பகைவனுக்குப் பாலம் கட்டித் தருவதில் பெருமை கொண்டவரல்லர். வேலையைத் தாமதப்படுத்தியும், மரங்களில் கறையானை விடச் செய்தும் தம்மால் இயன்ற கேடு சூழ்ந்தவர். ஆயினும் அவர் முகாமில் ஒழுங்கைக் காத்தார், துப்புரவை வற்புறுத்தினார், அதனால் பல உயிர்கள் பிழைத்தன. படம் அந்த ஒழுங்கை எடுத்துக்கொண்டு, அதனைப் பித்தாக மாற்றிவிட்டது. டூசியின்கீழ் இருந்தவர்கள் இதனால் மனம் புண்பட்டதில் வியப்பில்லை.

ஆனால் படத்தின் மிகப் பெரிய குறை, அதில் காட்டப்பட்ட எதிலும் இல்லை. காட்டாமல் விட்டதில் இருக்கிறது. அப்பாதையில் உழைத்த போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். அவருள் 12,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளர்களோ அவர்களைப் போல் சில மடங்கினர். மலேயாவிலிருந்து மட்டும் 70,000-க்கு மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டங்களில் பால்வெட்டிப் பிழைத்த தமிழர். போரினால் ரப்பர் வாணிபம் நின்று, தோட்டங்களில் வேலை அற்றுப்போன காலம் அது. நல்ல கூலி, சில மாத வேலை என்று ஆசை காட்டி முதலில் அழைத்தார்கள். ஆள் போதாதபோது வலிந்து பிடித்தார்கள். இலவசமாகப் படம் காட்டுவதாக அறிவித்து, கொட்டகை நிறைந்ததும் கதவடைத்து, உள்ளே இருந்த ஆண்களை ரயிலேற்றியதாகவும் செய்திகள் உள்ளன.

காட்டு முகாம்களில் போர்க்கைதிகளுக்கு மருந்து இல்லாவிடினும் மருத்துவர் இருந்தனர். கொதிக்க வைத்த நீரையே குடிக்க வேண்டும் என்று கட்டளையிடவும், இறந்தவர் பெயரைக் குறித்து வைக்கவும் அதிகாரிகள் இருந்தனர். தோட்டத் தொழிலாளர்க்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. சிலர் மனைவி மக்களோடு சென்றிருந்தனர். 1943-இன் மழைக்காலத்தில் காலரா பரவியபோது, முகாம் முகாமாக மடிந்தார்கள். இறந்த ஆசியத் தொழிலாளர் தொகையைச் சரியாக எண்ணினவர் எவருமில்லை. மதிப்பீடுகள் 90,000 வரையிலும் அதற்கு மேலும் செல்கின்றன.

சீழ்க்கையடித்துக்கொண்டு கம்பீரமாக அணிவகுத்து வரும் கைதிகளைத் திரையில் கண்டவர்க்கு, கோவணம் மட்டும் உடுத்து எலும்பும் தோலுமாய் நின்ற அம்மனிதர்களின் நினைவு வருவது அரிது. அவர்களுக்கு அப்பால் வேறொரு கூட்டம் இருந்தது என்பதோ தோன்றவே தோன்றாது. மலேயாத் தமிழர் அப்பாதையைச் 'சயாம் மரண ரயில்' என்றே வழங்கினர். அப்பெயரிலேயே மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் ஒரு நாவல் எழுதியிருக்கிறார். படத்தைப் பார்க்கும் மாணவர்கள் அதையும் தேடிப் படிக்கலாம்.

காஞ்சனபுரியில் போர்க்கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 7,000 கல்லறைகள், வரிசை வரிசையாக, நன்கு பேணப்பட்டு விளங்குகின்றன. பெரும்பாலான கற்களில் வீரனின் பெயரும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டுள்ளன. தோட்டத் தொழிலாளர்களுக்கு அத்தகைய வரிசை அங்கு இல்லை. அவர்களுடைய எலும்புகள் பொதுக் குழிகளிலும், பாதையோரக் காடுகளிலும் கிடக்கின்றன.