குன்றும் பீரங்கியும் ட்ரோனும்

நாமக்கல் நகரத்தின் நடுவே தனிப்பாறையாக எழுந்து நிற்கும் குன்றின் உச்சிக்கோட்டையையும், அதற்கு வடமேற்கே சங்ககிரி மலையில் மதிலுக்குமேல் மதிலாக ஏறிச் செல்லும் துர்க்கத்தையும் கண்டு வருகிறவர்கள், அவற்றின் கட்டட விசேஷத்தை வியந்து பேசுவார்கள். அவை எந்தக் காரியத்துக்காக அவ்விடங்களில் எழுந்தன என்று யோசிப்பவர்கள் சிலரே. சேலம் நாமக்கல் சமவெளியில் நடமாடும் சைனியத்தை, அது கிளப்பும் புழுதியைக் கொண்டே காத தூரத்தில் கண்டுகொள்வதற்கு உயரமான ஓர் இடம் வேண்டியிருந்தது. அந்த இடம் யார் கையில் இருந்ததோ அவரே கீழே உள்ள நாட்டுக்கும் அதிபதி. முதலாவது மைசூர் யுத்தத்தில், 1768-ஆம் ஆண்டு, கும்பெனிப் படை நாமக்கல் கோட்டையைப் பிடித்ததும், அந்த ஆண்டு முடிவதற்குள் ஹைதர் அலி அதை மீட்டுக்கொண்டதும், பார்வைக்காக நடந்த போட்டி என்றே சொல்லலாம். இன்று யுத்தகளத்தில் பீரங்கியும் விமானமும் ட்ரோன் என்னும் ஆளில்லா விமானமும் சேர்ந்து செய்கிற வேலையைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர், பார்ப்பது வேறு, அடிப்பது வேறு என்ற இந்தப் பழைய உண்மையிலிருந்து தொடங்குவது நல்லது.

அடிக்கும் சாதனத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். தற்காலப் படைகளில் பெரிதும் வழங்கும் பீரங்கி 155 மில்லிமீட்டர் வாய் அகலம் உடையது. அதன் குண்டு ஒன்று ஏறக்குறைய 45 கிலோ எடை. எஃகுக் கூட்டுக்குள் வெடிமருந்தும் மூக்கில் வெடிப்பியும் அமைந்த அக்குண்டைக் குழாயின் பின்வாயில் செலுத்தி, அதன் பின்னால் தூரத்துக்கு ஏற்ற அளவு உந்துமருந்தை வைத்து அடைத்துச் சுடும்போது, குழாயின் உட்புறத்தில் திருகலாக வெட்டப்பட்டிருக்கும் பள்ளங்கள் குண்டைச் சுழலச் செய்கின்றன. அந்தச் சுழற்சியே அது காற்றில் தள்ளாடாமல் செல்வதற்குக் காரணம். குண்டு முப்பது கிலோமீட்டருக்கு அப்பாலும் போய் விழும். ஆகவே சுடுகிறவன் தன் இலக்கைப் பெரும்பாலும் கண்ணால் காண்பதில்லை. முதல் குண்டு இலக்குக்கு நூறு மீட்டர் இடப்புறம் விழுந்தால், அதைப் பார்த்துச் சொல்ல ஒருவன் வேண்டும். அவன் சொல்லும் திருத்தத்துக்கு ஏற்பக் குழாயைத் திருப்பி, இரண்டாவது மூன்றாவது குண்டில்தான் அடி சரியாக விழும். முதல் உலக யுத்தத்தில் விமானம் வானில் ஏறியது முதலில் குண்டு போடுவதற்காக அன்று, பீரங்கிக்குக் கண்ணாக இருப்பதற்காகவே. அந்த யுத்தத்தில் மாண்டவர்களிலும் காயம்பட்டவர்களிலும் பெரும்பாலோர் பீரங்கிக் குண்டுகளுக்கே இரையானார்கள்.

நம் நாட்டின் அனுபவத்தில் இதைத் தெளிவாகக் காட்டியது 1999-ஆம் ஆண்டின் கார்கில் யுத்தம். கடல் மட்டத்துக்கு மேல் ஐயாயிரம் மீட்டர் அளவில் உள்ள சிகரங்களில் சத்ரு அமர்ந்துகொண்டு, ஸ்ரீநகரிலிருந்து லே செல்லும் நெடுஞ்சாலையைக் கண்ணுக்குக் கீழே வைத்திருந்தான். மே மாத இறுதியில் நம் விமானப்படை தாக்குதலைத் தொடங்கியபோது, தோளிலிருந்து ஏவும் சிறு ஏவுகணைகளால் அடுத்தடுத்த நாட்களில் ஒரு மிக்-21 விமானத்தையும் ஒரு மி-17 ஹெலிகாப்டரையும் இழக்க நேர்ந்தது. அதன்பின் மிராஜ் விமானங்கள் அந்த ஏவுகணைகளுக்கு எட்டாத உயரத்தில் பறந்து, ஜூன் 24 அன்று லேசர் ஒளி வழிகாட்டும் குண்டுகளை டைகர் ஹில் சிகரத்தின்மீது வீசின. ஆனாலும் யுத்தத்தின் பெரும் பாரத்தைச் சுமந்தது போபர்ஸ் பீரங்கிதான். அங்கே காற்று லேசானதால், சமவெளியில் கணக்கிட்டு வைத்திருந்த அட்டவணைப்படி சுட்ட குண்டுகள் இலக்கைத் தாண்டி விழுந்தன. கணக்கைப் புதிதாகப் போட வேண்டியிருந்தது. அந்த யுத்தத்தில் நம் பீரங்கிப்படை சுமார் 2,50,000 குண்டுகளையும் ராக்கெட்டுகளையும் சுட்டது. இவ்வளவுக்குப் பிறகும், ஜூலை 4 அன்று டைகர் ஹில் நம் கைக்கு வந்தது, இரவில் செங்குத்துப் பாறையில் கயிறு பிடித்து ஏறிய காலாட்படை வீரர்களால்தான் என்பதை ஒருபோதும் மறக்கலாகாது. குண்டும் விமானமும் எதிரியைத் தலை தூக்கவிடாமல் செய்யும். இடத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது மனிதன் ஒருவனுக்கே சாத்தியம்.

கார்கிலில் நமக்குக் குறையாக இருந்தது கண். இன்று அந்தக் கண்ணைத்தான் ட்ரோன் தருகிறது. சங்ககிரி மலைக்கோட்டையைப் பெயர்த்து ஒரு சிறு பெட்டியில் அடைத்து, பத்துப் பேர் கொண்ட படைப்பிரிவின் முதுகில் ஏற்றிவிட்டது போன்ற மாறுதல் இது. நான்கு விசிறிகள், ஒரு மின்கலம், ஒரு காமிரா, ரேடியோ அலையை வாங்கி அனுப்பும் ஒரு கருவி, இவ்வளவே அதன் அங்கங்கள். நம் பக்கத்து வயல்களில் மருந்து தெளிப்பதற்கும் கல்யாண வீடுகளில் படம் பிடிப்பதற்கும் பறக்கும் யந்திரத்துக்கும் இதற்கும் அமைப்பில் பெரிய பேதம் கிடையாது. குண்டு விழுந்த இடத்தை மேலிருந்து கண்டு, அந்தக் கணமே திருத்தம் சொல்ல அதனால் முடிகிறது.

2020-ஆம் ஆண்டு, ஆர்மீனியாவும் அஜர்பைஜானும் நாகோர்னோ-கராபாக் பிரதேசத்துக்காக 44 நாள் போரிட்டபோது, துருக்கியில் செய்த ட்ரோன்கள் டாங்கிகளையும் பீரங்கிகளையும் வானிலிருந்தே தேடித் தேடி அழித்ததை உலகம் கண்டது. 2022 முதல் நடக்கும் உக்ரைன் யுத்தத்தில் இக்கலை மேலும் வளர்ந்து, கண்ணாக இருந்த யந்திரமே கையாகவும் மாறிவிட்டது. ஓட்டுகிறவன் பதுங்குகுழிக்குள் அமர்ந்து, கண்களை மூடும் திரைக்கண்ணாடியை அணிந்து, ட்ரோனின் காமிரா காண்பதைத் தானே காண்கிறான். ஓரிரு கிலோ வெடிமருந்தைத் தாங்கிய அந்த யந்திரத்தை ஒரு டாங்கியின் மெலிந்த கவசத்தின்மீதோ, ஓடும் ஒரு தனி மனிதன்மீதோ மோதச் செய்கிறான். அதன் கிரயம் சில பத்தாயிரம் ரூபாய். அது அழிக்கும் டாங்கியின் கிரயமோ பல கோடி. ரேடியோ அலையை எதிரி கலைத்துவிடுகிறான் என்று கண்டதும், கண்ணாடி இழைக் கம்பியைப் பல கிலோமீட்டர் தூரம் பின்னால் விட்டுக்கொண்டே பறக்கும் ட்ரோன்களையும் செய்துவிட்டார்கள். முன்னணிக்குப் பின்னால் பத்துக் கிலோமீட்டர் வரை பகலில் லாரியும் ஆளும் நடமாட முடியாத நிலைமை அங்கே உண்டாகியிருக்கிறது. காயம்பட்டவனைத் தூக்கிச் செல்ல வருகிறவர்களும் இதற்குத் தப்புவதில்லை. யந்திரத்தின் சாமர்த்தியத்தைப் பாராட்டி எழுதுகிறவர்கள் இந்தக் கொடுமையையும் சேர்த்து எழுதக் கடமைப்பட்டவர்கள் என்பது என் அபிப்பிராயம்.

அப்படியானால் பீரங்கிக்கும் விமானத்துக்கும் காலம் முடிந்துவிட்டதா என்றால், இல்லை. மழையிலும் மூடுபனியிலும் பலத்த காற்றிலும் சிறு ட்ரோன் பறக்க இயலாது. பீரங்கிக்கு அந்தக் கவலை இல்லை. நம் பினாகா ராக்கெட் வண்டி 44 விநாடிகளில் 12 ராக்கெட்டுகளைப் பொழிந்துவிட்டு வேறிடம் போய்விடும். விமானங்களைப் பொறுத்தவரை, உக்ரைனில் இரு தரப்பாரிடமும் வலிய விமான எதிர்ப்பு ஏவுகணைகள் இருப்பதால், இரு தரப்பு விமானங்களும் முன்னணிக்குமேல் வரத் துணியாமல், பின்னாலிருந்தே சிறகு பொருத்திய குண்டுகளைச் சறுக்கவிடுகின்றன. வானம் ஒருவருக்கும் சொந்தமாகாத இடத்தில் தரைப்படைகள் நகராமல் குழிகளுக்குள் தேங்கிவிடுகின்றன.

ட்ரோனைத் தடுக்கும் வழியிலும் பழைய சாதனம் ஒன்று திரும்ப வந்திருக்கிறது. 2025 மே மாதத்தில் பாகிஸ்தான் நம் மேற்கு எல்லையில் கூட்டங்கூட்டமாக ஏவிய ட்ரோன்களை வீழ்த்தியதில், ஸ்வீடன் நாட்டுப் போபர்ஸ் நிறுவனம் பல பத்தாண்டுகளுக்கு முன் வடிவமைத்த எல்-70 என்னும் 40 மில்லிமீட்டர் பீரங்கிக்குப் பெரும் பங்கு உண்டு. ராடாரும் மின்னணுக் கண்ணும் பொருத்திப் புதுப்பித்தவை அவை. சில பத்தாயிரம் ரூபாய் பெறும் பொம்மையைக் கோடி ரூபாய் ஏவுகணையால் அடிப்பது கட்டுபடியாகாது. மலிவான குண்டும் அலையைக் கலைக்கும் கருவியுமே அதற்குத் தகுந்த பதில்.

இது எல்லையில் நடக்கும் காரியம், நமக்கு என்ன என்று எண்ண வேண்டியதில்லை. மத்திய அரசு தமிழ்நாட்டில் வகுத்திருக்கும் ராணுவத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் சேலமும் ஒன்று. கஞ்சமலையின் இரும்புத்தாதுவைத் தலைமுறை தலைமுறையாக உருக்கிய ஊர் இது. இரும்பாலை இருக்கும் ஊர். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளும், திருச்செங்கோட்டில் பூமியைத் துளைக்கும் ரிக் வண்டிகளை நடத்தும் தொழிலும் உலோகத்தை ஆளத் தெரிந்த கைகளை உருவாக்கியுள்ளன. பீரங்கிக் குண்டின் கூடு, காய்ச்சி அழுத்தி லேத்தில் கடைந்து எடுப்பது. அதன் சுவர் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் போனால், அது இலக்கில் விழாது என்பதோடு, குழாய்க்குள்ளேயே வெடித்துச் சுடுகிறவனைக் கொல்லவும் கூடும். ஆகவே இந்தத் தொழிலுக்கு வரும் பட்டறைக்காரர் அளவுகருவியையும் பரிசோதனையையும் விரயச்செலவென்று கருதக் கூடாது.

இந்த வட்டாரத்துப் பொறியியல் கல்லூரி மாணவர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. ட்ரோனைப் பறக்கவிடுவதில் உங்களுக்கு இருக்கும் உற்சாகம் நல்லதே. அதைக் காட்டிலும் கடினமானது, வருகிற ட்ரோனை இரைச்சலாலோ அலையாலோ வெப்பத்தாலோ முன்கூட்டியே கண்டுபிடித்து, குழியில் நிற்கும் வீரனுக்கு அரை நிமிஷம் முன்னால் எச்சரிக்கை கொடுக்கும் ஒரு மலிவான கருவியைச் செய்வது. உங்கள் படிப்பை அதில் செலுத்துங்கள்.