கரணைக்கும் உண்டு சட்டம்

கோவையில் 1912-இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தின் ரகங்கள் ‘கோ’ என்று ஊர்ப்பெயரைச் சுமப்பவை. இப்படி உருவாகும் புதிய பயிர் ரகத்துக்கு இந்தியாவில் காப்புரிமை கிடையாது. 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம்தான் பதிவு தருகிறது. ரகம் புதியதாகவும் தனித்தன்மையோடும் ஒரே சீராகவும் தலைமுறைதோறும் மாறாமலும் இருக்க வேண்டும். பாதுகாப்பு பொதுவாக 15 ஆண்டுகள். மரங்களுக்கும் கொடிகளுக்கும் 18.

இந்தியச் சட்டத்தின் உயிர்நாடி 39-ஆம் பிரிவு. பதிவான ரகமானாலும் உழவர் விதையை எடுத்துவைக்கலாம், மறுபடி விதைக்கலாம், பக்கத்துத் தோட்டத்துக்குக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம். நடுவதற்கு வெட்டும் கரும்புத் துண்டான கரணையும் இதில் விதைதான். வணிகப் பெயரிட்ட விதையாக விற்பதற்கு மட்டுமே தடை. தாம் காத்துவந்த ரகத்தை உழவரே கட்டணமின்றிப் பதியலாம். கொங்கு உழவர்கள் இதைத் தவறவிடக் கூடாது.